மோட்டார் கொட்டகை மேல் ஒரு கிரேக்கச் சொல்

கிரேக்க மொழியில் எனக்கு இப்போது நினைவிருப்பது கொஞ்சம்தான். ஒரு காலத்தில் ஓரளவு தெரிந்தது. துவைக்கத் துவைக்கச் சாயம் போவதுபோல அது போய்விட்டது. மிஞ்சியதில் ஒரு சொல் மட்டும் முழுசாக இருக்கிறது: தெக்கொமாய். பெற்றுக்கொள்கிறேன், ஏற்றுக்கொள்கிறேன், கையில் வாங்கிக்கொள்கிறேன் என்று அகராதி பொருள் சொல்லும். வாசலுக்கு வந்த விருந்தாளியை உள்ளே அழைப்பதற்கும் அந்தச் சொல்தான். யாரோ சொன்ன வார்த்தையை மனத்தில் வாங்கிக்கொள்வதற்கும் அதுதான். சுவிசேஷத்தில் ஒரு குழந்தையை ஏற்றுக்கொள்வதைப் பற்றிப் பேசும்போது வருவதும் அதுதான்.

படிக்க வேண்டியவள் நான் இல்லை, என் வீட்டுக்காரர். எழுபதுகளின் நடுவில் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் ஏரிக்குக் கீழே ஒரு கிராமத்தில் அவர் உபதேசியாராக இருந்தார். உபதேசியார் என்றால் ஆயருக்கு அடுத்த படி. சம்பளத்தில் பாதி, நடையில் இரட்டிப்பு. ஆயராக வேண்டுமானால் தபால் வழியே சில பரீட்சைகள் எழுதித் தேற வேண்டும். எல்லாவற்றிலும் தேறிவிட்டார், கிரேக்கத்தில் மட்டும் ஒருமுறை கவிழ்ந்துவிட்டார். இன்னொருமுறை கவிழ்ந்தால் காலமெல்லாம் உபதேசியார்தான்.

நான் அதே ஊரில் சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாயங்காலம், சபை எங்களுக்குக் கொடுத்திருந்த கோயில் வீட்டு வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவேன். அவர் எதிரில் ஒரு பெஞ்சின் மேல் படுத்துக்கொண்டு வினைச்சொற்களை ஒப்பிப்பார். புத்தகம் என் மடியில் இருக்கும். நான், நீ, அவன் என்று போகும்போதே குரல் இறங்கும். நாங்கள், நீங்கள் வருவதற்குள் குறட்டை வந்துவிடும். மிச்சத்தை முறத்தைப் பார்த்து நானே சொல்லி முடிப்பேன். இப்படித்தான் ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவரைவிட எனக்குக் கிரேக்கம் நன்றாக வந்தது. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. சபையில் யாராவது கேட்டால், "அதெல்லாம் உபதேசியாரம்மாவைக் கேளுங்க" என்று சிரிப்பார்.

தெக்கொமாய் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதன் குணம். கிரேக்க வினைகளுக்கு மூன்று நடைகள் உண்டு. அடித்தேன் என்பது ஒன்று. அடிபட்டேன் என்பது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு நடை இருக்கிறது. செய்கிறவளும் நான்தான், செய்ததெல்லாம் வந்து சேருகிற இடமும் நான்தான் என்பதுபோன்ற ஒரு நடை. தெக்கொமாய் அந்த நடு வீட்டில்தான் குடியிருக்கிறது. செய்வினை வடிவம் அதற்கு இல்லை. எங்கள் புத்தகத்தை எழுதிய வெள்ளைக்காரருக்கு இது பிடிக்கவில்லை போலிருக்கிறது. இந்த வினை தன் செய்வினை வடிவத்தைத் தொலைத்துவிட்டது, ஆகவே செயப்பாட்டு வேஷத்தில் திரிகிறது என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. இருந்தால்தானே தொலைப்பதற்கு? பெற்றுக்கொள்வதைத் தன்பாட்டுக்கு, தனியாக, முழு அதிகாரத்தோடு செய்ய யாரால் முடியும்? கொடுக்கிறவர் இல்லாமல் வாங்கிக்கொள்ள முடியாது. வாங்குகிறவள் கையை விரிக்காவிட்டாலும் முடியாது. அந்த மனிதர் யாரிடமும் எதையும் வாங்கிப் பழகாதவர் என்று முடிவு கட்டினேன்.

தமிழ்க்காரிக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை. வாங்கினேன் வேறு, வாங்கிக்கொண்டேன் வேறு. சொன்னேன் வேறு, சொல்லிக்கொண்டேன் வேறு. அந்தக் 'கொள்' வந்து ஒட்டியவுடன் காரியம் நம் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துவிடும். எங்கள் பக்கத்துப் பேச்சில் அந்தக் கொண்டுதான் கினு ஆகிவிட்டது. வந்துக்கினு, போய்க்கினு, அழுதுக்கினு, சிரிச்சிக்கினு. அதற்கு வேறு வேலைகளும் உண்டு, இருந்தாலும் கோடை மத்தியானங்களில் வாசலில் கண்ணைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, தெருவில் போகிறவர்களின் பேச்சு கினு, கினு என்று தூரத்தில் கேட்கும்போது, இந்த ஊரே நடு நடையில் வாழ்கிறது என்று எனக்குத் தோன்றும். வேர்க்கிறதா தூங்குகிறேனா என்று தெரியாத நேரம் அது. வற்றிய ஏரிக்குள் கானல் ஓடும். மோட்டார் கொட்டகையிலிருந்து வருகிற சத்தம் காற்று அடித்தால் பெருகும், நின்றால் குறையும்.

இன்னொரு வினை உண்டு, லம்பானோ. அதற்கும் வாங்குகிறேன், எடுக்கிறேன் என்றுதான் பொருள். இரண்டையும் கலந்தடித்துத்தான் என் வீட்டுக்காரர் முதல்முறை கவிழ்ந்தார். நான் அவருக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தேன். லம்பானோவில் கை நீண்டு போய்ப் பிடித்துவிடும். தெக்கொமாயில் கை விரிந்து நிற்கும். அவ்வளவுதான். மற்றது வருகிறதின் பாடு.

கையை விரித்து நிற்பதைப் பற்றி எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்திருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறேழு வருஷமாகியும் குழந்தை இல்லை. வேண்டும் என்றிருந்தது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மூக்கைச் சிந்திவிடும்போதுகூட வேண்டும் என்றிருந்தது. அவரிடம் இதைப் பற்றிப் பேசினால், "ஆண்டவர் சித்தம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். அவருக்கு அது பெரிதாக இல்லை என்று நினைத்தேன்.

கோயில் வீட்டை ஒட்டி ஒரு பெரிய குடும்பத்தின் வீடும் நிலமும் இருந்தன. நெல்லும் வேர்க்கடலையும் போடுவார்கள். அந்த வீட்டு மருமகள் என் வயசுக்காரி. எனக்குப் பிறகுதான் அந்த ஊருக்கு வந்தாள். மோட்டார் கொட்டகையின் தொட்டியில் துணி துவைக்க வருவாள், நானும் போவேன், அப்படிப் பழக்கம். அவளுக்கும் குழந்தை இல்லை. எனக்கு அது துக்கம் என்றால், அவளுக்கு அது வீட்டை விட்டுப் போகிற விஷயம். தீபாவளிக்குள் வயிற்றில் ஒன்றும் தெரியவில்லை என்றால் மகனுக்கு வேறு பெண் பார்க்கப்போவதாக மாமியார் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். புருஷன் வாயைத் திறக்கவில்லை.

"அவரு இன்னா பண்ணுவாரு, அம்மா சொல்லுக்குத் தலையாட்டிக்கினு கீறாரு" என்றாள் என்னிடம், சோப்பை உரசிக்கொண்டே. புருஷனை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

அந்த வருஷம் சித்திரையில் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதம் வைத்தார்கள். மத்தியானம் கதை, ராத்திரி கூத்து. நடுவில் ஒருநாள் பகலில் அர்ச்சுனன் தபசு. எங்கள் பக்கம் அது பெரிய நாள். நெடும்பனை ஒன்றை வெட்டிக்கொண்டுவந்து ஏரிக்குள் நட்டிருப்பார்கள். ஏற வாகாகக் கட்டைகள் அடித்து, உச்சியில் ஒரு பரண் கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் சடைமுடியும் உருத்திராட்சமுமாக ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பாட்டுப் பாடி மேலே ஏறுவார். உச்சிக்குப் போனதும் எலுமிச்சம்பழமும் வில்வ இலையும் குங்குமப் பொட்டலமுமாகக் கீழே எறிவார். பிள்ளை இல்லாத பெண்கள் தலைக்குக் குளித்து ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றி நின்று முந்தானை ஏந்துவார்கள். பழம் முந்தானையில் விழுந்தால் வரம். விழுந்ததை அவளே, யாருக்கும் பங்கு கொடுக்காமல், தோலோடும் விதையோடும் தின்ன வேண்டும்.

"ஒணந்த பொடவ எடுத்துக்கினு கூட வாயேன், டீச்சரு" என்றாள் அவள். "எங்க வூட்டுல வேற யாரும் வரமாட்டேன்றாங்க."

போனேன். உபதேசியார் மனைவி தபசு மரத்தடிக்குப் போகலாமா என்று யோசிக்கவில்லை. சிநேகிதிக்கு மாற்றுப் புடவை தூக்கிக்கொண்டு போவதற்கு எந்தச் சபையில் தடை? எங்கள் சபையார் காலனிக்காரர்கள். வழக்கம்போல் தள்ளி, ஏரிக்கரை மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் என்பதால் என்னை மட்டும் மரத்தடிவரை விட்டார்கள். அந்த வித்தியாசம் எனக்கு உறுத்தியது. உறுத்திக்கொண்டேதான் போனேன்.

அர்ச்சுனன் ஏற வெகுநேரமாயிற்று. வெயில் தலைக்குள் இறங்கியிருந்தது. மிருதங்கமும் முகவீணையும் ஒன்றோடொன்று குழைந்து ஒரே இரைச்சலாகக் கேட்டன. வெடித்துப்போன ஏரி மண்ணில் ஈரப் புடவைகளிலிருந்து சொட்டிய நீர் உடனே காணாமல் போயிற்று. ராத்திரி கூத்தில் கண்விழித்த பாதி ஊர் நின்றுகொண்டே தூங்கியது. நானும் பெண்களுக்குப் பின்னால், கையில் மடித்த புடவையோடு, பாதித் தூக்கத்தில்தான் நின்றிருந்தேன். மேலே காவித்துணி ஒன்று ஆகாயத்தில் ஆடுவது மாதிரி இருந்தது. அவர் எறிய ஆரம்பித்தார். பெண்கள் அலைமோதினார்கள். பழங்கள் மண்ணில் விழுந்தன, தோள்களில் பட்டுத் தெறித்தன. என் சிநேகிதி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினாள்.

அப்போது ஒன்று என்னை நோக்கி வந்தது. மெதுவாக வந்தது போலத்தான் இன்னும் நினைவிருக்கிறது. மஞ்சளாக, சுற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல். கீழே பார்த்தால் என் முந்தானை விரிந்திருந்தது. மடித்த புடவை காலடியில் கிடந்தது. பழம் முந்தானைக்குள் பொத்தென்று உட்கார்ந்தது. நான் ஏந்தினேனா, முந்தானை தானாக விரிந்ததா என்று கேட்டால் அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

அவளுக்கு ஒரு வில்வ இலைகூடக் கிடைக்கவில்லை. உலர்ந்த புடவையை மாற்றிக்கொள்ளாமலே நடந்தாள். வழியில் நான் பழத்தை நீட்டினேன்.

"இந்தா, நீ எடுத்துக்கோ. நான் இதுக்கா வந்தேன்?"

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "மடியில வியுந்தத கையால குடுக்கக்கூடாது டீச்சரு. குடுத்தா உனுக்கும் ஆகாது, எனுக்கும் ஆகாது. நீ துன்னு. உனுக்கும் தான இல்ல." குரலில் ஒரு துளி பொறாமை இருந்ததா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கரைமேல் நின்ற சபையார் எல்லாவற்றையும் பார்த்திருந்தார்கள். நான் பயந்தேன். ஆயரிடம் போகும், விசாரணை வரும், அவருடைய பரீட்சைக்கே மோசம் வரும் என்று நினைத்தேன். சாயங்காலம் சபையில் மூத்த அம்மா ஒருத்தி தண்ணீர் கேட்கிற சாக்கில் வந்தாள். செம்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எலுமிச்சம்பயத்த துன்ட்டீங்களா, டீச்சரம்மா?"

"இல்லைம்மா."

"துன்னுடுங்க. ஆண்டவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. அவரு போட்டதுதான், வேசக்காரன் கையில குடுத்து போட்டாரு."

எந்த வேதாகமக் கல்லூரியிலும் இப்படி ஒரு விளக்கம் கிடைக்காது. கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன், பிறகு அழுதேன்.

பழம் அடுப்பங்கரை மாடத்தில், உப்புச் சாடிக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அதைப் பார்த்தார். அதற்குள் ஊரெல்லாம் தெரிந்திருந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது. கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். ரசத்தைப் பிசைந்துகொண்டே, "உனக்கு எப்படித் தோணுதோ, அப்படிச் செய்யி" என்றார். பிறகு, "அழுகிடப்போவுது" என்று மட்டும் சேர்த்தார்.

மறுநாளும் அது அங்கேயே இருந்தது. தோல் கொஞ்சம் சுருங்க ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூடம் லீவு. வீட்டில் நானும் பழமும்தான். நம்பிக்கை இருக்கிறதா என்று என்னையே கேட்டால், இல்லை என்றேன். அப்படியானால் ஏன் ஊறுகாய் போடவில்லை என்றும் கேட்டுக்கொண்டேன். ஒருமுறை கையில் எடுத்து முகர்ந்துகூடப் பார்த்தேன். தின்றுவிடலாம் என்று தோன்றியது. யாருக்கு என்ன நஷ்டம்? அப்போது மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து துணியை அடிக்கிற சத்தம் கேட்டது. துவைக்கிற அடி இல்லை அது. கல்லின் மேல் கோபத்தை இறக்குகிற அடி.

பழத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். அவள் தொட்டிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. பெண் பார்க்க ஒரு ஊரின் பேரையே மாமியார் காலையில் சொல்லியிருக்கிறாள்.

"கையால குடுக்கத்தானே கூடாது" என்றேன். "மேலேயிருந்து போட்டா?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். நான் அதற்குள் கொட்டகையின் பக்கச் சுவரில் கால் வைத்தாயிற்று. கொட்டகைக்கு மேலே சிமெண்டுத் தளம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடத்து டீச்சர் என்பதை மறந்து, ஏறிவிட்டேன். தளம் கொதித்தது. ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றேன். கீழே ஊர் தெரிந்தது, ஏரிக்குள் தபசு மரம் இன்னும் நின்றது, காற்றில் எல்லாம் லேசாக அசைந்தது. தொட்டித் தண்ணீரில் ஆகாயம் கிடந்தது, அதன் நடுவில் அவள் நின்றாள்.

அவள் முகம் மாறிவிட்டது. விளையாட்டு என்று அவள் நினைக்கவில்லை. ஈர முந்தானையை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

"பாட்டு இல்லாம போட்டா செல்லாது டீச்சரு" என்றாள்.

அர்ச்சுனன் பாட்டு எனக்கு எங்கே தெரியும்? எங்கள் சபைக் கீர்த்தனை ஒன்றைப் பாட வாயைத் திறந்தேன், வரவில்லை. அது அவளை ஏமாற்றுவது மாதிரி இருந்தது. ஞானப்பாட்டை வைத்து அவளைச் சத்தமில்லாமல் என் பக்கம் இழுப்பதாக ஆகிவிடும். மனப்பாடமாக, தூக்கத்திலும் தடுக்காமல் வருகிற ஒன்று எனக்குள் வேறு இருந்தது. அதைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி முன்னால் வைத்து, கூத்துக்காரர் இழுக்கிற மாதிரியே இழுத்துச் சொன்னேன்.

"தெக்கொமாய். தெக்கே. தெக்கெதாய். தெக்கொமெதா. தெக்கெஸ்தெ. தெக்கொந்தாய்."

"இன்னா பாட்டு இது?"

"நான் ஏந்திக்கிறேன், நீ ஏந்திக்கிற, அவ ஏந்திக்கிறா. நாம ஏந்திக்கிறோம், நீங்க ஏந்திக்கிறீங்க, அவங்கல்லாம் ஏந்திக்கிறாங்க. அவ்ளோதான் பாட்டு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நல்லாத்தான் கீது. போடு."

போட்டேன். எனக்குக் குறி தவறும் கை. ஆனாலும் பழம் நேரே போய் அவள் முந்தானை நடுவில் விழுந்தது. அவள் தண்ணீரில் நின்றபடியே, என்னைப் பார்த்துக்கொண்டே, தோலோடும் விதையோடும் அதைத் தின்றாள். புளிப்பில் முகம் கோணிற்று, ஆனால் நிறுத்தவில்லை. தின்று முடிக்கும்வரை நான் வெயிலில் மேலேயே நின்றேன். கொடுத்துவிட்டோமே என்று நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

அன்று சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது மாடத்தைப் பார்த்தார்.

"பழம் எங்கே?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குக் கொடுத்துட்டேன்."

சரி என்று தலையாட்டினார். சோற்றில் கை வைத்தவர் வெகுநேரம் பிசைந்துகொண்டே இருந்தார், எடுத்து வாயில் வைக்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷமாக வெளியே போய் வெளியே போய் இவர் எதை மறைத்தார் என்று தெரிந்தது. ஆயராகப் போகிறவர், விக்கிரக ஆராதனையைப் பற்றி மாதம் ஒரு பிரசங்கம் செய்கிறவர், முந்தின நாள் ராத்திரி முழுக்க அந்தப் பழத்தை நான் தின்றுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிறகு அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, "லம்பானோவைக் கேளு, சொல்றேன்" என்றார். கேட்டேன். அன்றைக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை.

தீபாவளிக்குப் பட்டாசு வாங்குவதற்கு முன்பே என் சிநேகிதி தலை சுற்றுகிறது என்று படுத்தாள். மாமியார் பெண் பார்க்கிற அந்த ஊரின் பேச்சை விட்டுவிட்டாள். நான் எலுமிச்சம்பழத்தை நம்பவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அவள் வயிறு பெருக்கப் பெருக்க நான் தொட்டிப் பக்கம் போவது குறைந்தது, அதை அவளும் பார்த்தாள். அடுத்த வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. இதற்கிடையில் அவர் கிரேக்கத்தில் தேறினார், கரணம் தப்பினால் மரணம் என்கிற மார்க்கில். வேறு ஊருக்கு எங்களை மாற்றி உத்தரவும் வந்துவிட்டது. சாமான்களைக் கட்ட ஆரம்பித்தோம்.

ஆவணி மழையில் குழந்தைக்கு இழுப்பு வந்தது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், நின்றது, மறுபடி வந்தது. ஒருநாள் காலையில் அவள் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு, இன்னொரு கையில் ஒரு முறம் தவிட்டோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். இரண்டு கண்ணும் சிவந்திருந்தன.

"மொதல்ல உன் மடியில வியுந்தது டீச்சரு. உன் பங்க நான் துன்ட்டேன். அதான் கொயந்த தங்கமாட்டேன்து. உன் மடியில போட்டுட்டு தவுடு குடுத்து வாங்கிக்கினு போறேன். அப்பறம் அது உனுக்கும் கடனில்ல, எனுக்கும் கடனில்ல."

தவிட்டுக்குப் பிள்ளை வாங்குவது எங்கள் பக்கத்தில் தெரிந்த வழக்கம்தான். தங்காத பிள்ளையை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு, மதிப்பில்லாத ஒன்றைக் கொடுத்துத் திரும்ப வாங்கிவிட்டால் கண்ணும் குறையும் போய்விடும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. வாங்குகிறவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு 'இது என் பிள்ளை' என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் விற்கலாம்.

கட்டின மூட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தேன். அவள் குனிந்து குழந்தையை என் மடியில் வைத்தாள். இழுப்பு நின்றிருந்த நேரம். மூச்சு லேசாகக் கீச்சிட்டது. பால் மணமும் தைல மணமும் வந்தது. ஒரு கை துணியிலிருந்து வெளியே வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. சுவிசேஷத்தில், தேவாலயத்தில் ஒரு முதியவர் குழந்தை ஆண்டவரைத் தாயிடமிருந்து கைகளில் வாங்கும் இடம் நினைவுக்கு வந்தது. எதெக்ஸாதொ என்று இருக்கும். தெக்கொமாய்தான், இறந்தகாலத்தில், ஒரே தரம் நடந்து முடிந்ததைச் சொல்கிற காலத்தில். வாங்கிக்கொண்டார் என்று எழுதியவர், தாயிடம் திருப்பிக் கொடுத்தார் என்று எழுதவில்லை. கொடுத்திருப்பார். எழுத மனசு வந்திருக்காது.

"சொல்லு டீச்சரு" என்றாள் அவள்.

"இது என் பிள்ளை" என்றேன்.

அந்த வாக்கியத்தை என் வாய் அதற்கு முன் சொன்னதில்லை. பின்னாலும் சொல்லவில்லை. சொன்னதும் நிறுத்த முடியாமல் அழுதேன். அவள் முறத்தை நீட்டினாள், நான் அதைப் பார்க்கவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை.

அவர் எப்போது உள்ளேயிருந்து வந்தார் என்று தெரியாது. சணல் கயிறும் கையுமாக என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் குழந்தையை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பிடிக்கத் தெரியவில்லை, தலை ஒரு பக்கம் சாய்ந்தது, சரி செய்துவிட்டேன். வெகுநேரம் குனிந்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து முறத்தைப் பார்த்தார். கீரைக்காரியிடம்கூட ஒருநாளும் பேரம் பேசாத மனிதர்.

"இவ்வளவு தவிடு போதாதும்மா" என்றார் அவளிடம். "நல்ல பொண்ணு இது. இன்னொரு முறம் கொண்டா."

அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி சாமி" என்று முறத்தை எங்கள் வாசலில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி நடந்தாள். பக்கத்து வீடுதான், கூப்பிடு தூரம். அன்றைக்கு அவள் தவிடு எடுத்துக்கொண்டு திரும்பி வர மத்தியானம் ஆயிற்று.